சும்மா நடக்கப் போன தெக்லா

பனையடித்துறையில் கடல் தெக்லாவோடு கூட நடக்க ஆரம்பித்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஊர் முழுக்க அதைப் பார்த்து, பேசி, பேசிச் சலித்து, கோயில் கொடிமரத்துக்கு என்ன வர்ணம் பூசலாம் என்ற பழைய சண்டைக்கே திரும்பிப் போய்விட்டது. அதற்கும் பிறகுதான் அவள் புருஷன் கஸ்பாருக்கு விஷயம் தெரியவந்தது. விடியுமுன் வள்ளத்தில் ஏறிப் போய், பத்து மணிக்குக் கரை வந்து, வலையை உதறிக் காயப்போட்டு, குளித்து, சாப்பிட்டு, படுத்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு எழும்புகிற மனுஷனுக்கு நாலு மணிக்கு நடக்கிறது எப்படித் தெரியும்? டீக்கடையில் கமிட்டித் தலைவர் சந்தியாகு மாமாதான் கிளாஸை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏல கஸ்பாரு, ஒம் பொண்டாட்டிக்கு இன்னைக்கும் விளமீனாம்லா? ஏழு சிப்பியாம். நேத்து அஞ்சுதான் கெடந்துதுன்னாவ."

"யாரு குடுத்தா?"

"யாரு குடுப்பா, கடலுதான்," என்றார் மாமா, பக்கத்து வீட்டு ஆளைச் சொல்வதுபோல. கஸ்பார் டீக் கிளாஸைக் கீழே வைத்தான். மத்தியானம் முள்ளை உறிஞ்சி உறிஞ்சித் தின்று, இன்றைக்கு நம்ம பங்கு மீன் நல்லா வாய்த்திருக்கிறதென்று மீசையைத் தடவிக்கொண்டானே, அந்த மீன் அவன் பிடித்த மீன் இல்லை.

கஸ்பார் கெட்டவன் கிடையாது. குடி இல்லை, கைநீட்டுகிற பழக்கம் இல்லை. ஆனால் பொறாமை மட்டும் அவனுக்குத் தாய்ப்பாலோடு இறங்கியிருந்தது. பக்கத்து வள்ளத்தில் நெத்திலி பட்டால் அவன் வள்ளத்தில் பட்ட சாளை அவனுக்கு ருசிக்காது. எதிர்வீட்டு முருங்கை காய்த்தால் தன் வீட்டு முருங்கையை ஒரு முறை முறைப்பான். போன வாரம் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு அவன் அண்ணன் பெண்டாட்டிக்கு அவள் கூடப்பிறந்தவன் பதினொரு தட்டு சீர் கொண்டுவந்து, பழமும் பலகாரமும் புடவையுமாக மேளத்தோடு தெருவை அடைத்துக்கொண்டு வந்தான். ஊர் வழக்கம் அது. கொடியேறினால் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குச் சீர் வரவேண்டும், சீர் தூக்கி அண்ணன்தம்பி வரவேண்டும், தட்டு ஒற்றைப்படையாக வரவேண்டும். அதைப் பார்த்த கஸ்பாருக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அன்றைக்குச் சாயங்காலம் கடற்கரையில், அலை காலை நனைக்கிற தூரத்தில் நின்றுகொண்டு, தெக்லாவைப் பார்த்துச் சொல்லிவிட்டான்.

"எனக்கு வாச்சவளுக்கு வாசல்ல வந்து நிக்க ஒரு நாயி உண்டா? கேக்க ஆளில்லாதவளயில்லா கெட்டியிருக்கேன்."

தெக்லா கன்னியாஸ்திரீ மடத்தில் வளர்ந்தவள். அப்பன் யார், ஆத்தாள் யார் என்று மடத்துக்கும் தெரியாது, மாதாவுக்குத் தெரிந்தால் உண்டு. அவள் மறுநாள் நாலு மணிக்கு முகத்தைக் கழுவி, தலையைச் சீவி, கையை வீசிக்கொண்டு கடற்கரையோரம் வடக்கே நடக்கப் போனாள். கஸ்பாருக்கோ, சொன்ன வார்த்தை சொன்ன அன்றைக்கே மறந்து போயிற்று.

பெண்பிள்ளை ஒருத்தி கடற்கரைக்குப் போவது புதுசில்லை. கூடையோடு போவாள், குடத்தோடு போவாள், கருவாட்டுப் பாயோடு போவாள். வெறுங்கையோடு போனவள் ஊர் சரித்திரத்தில் இவள் ஒருத்திதான். எங்கட்டி போற என்று கேட்டால் "சும்மா" என்றாள். வடக்கே கழிமுகம் வரைக்கும் இரண்டு மைல். ரோடு கிடையாது, வள்ளம் ஒதுங்க இடமும் கிடையாது. உடைமுள்ளும் பனங்கருக்கும் காவல் நிற்கிற அந்தக் கரை, தேவன் படைத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே கிடந்தது. அங்கே சும்மா நடந்தாள். மூன்றாவது நாள், ஒரு சின்ன அலை அவள் கணுக்கால் பக்கத்தில் வந்து நின்றது, மற்ற அலையெல்லாம் திரும்பிப் போயிற்று, இது போகவில்லை. அவள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது, குனிந்து சிப்பி பொறுக்கினால் பொறுக்கி முடிக்கிறவரை காத்துக்கிடந்தது. கூட நடக்க ஆரம்பித்த நாலாம் நாளிலிருந்து, கழிமுகத்தில் அவள் திரும்பும்போது அகலச் சிப்பிகளைத் தட்டுபோல் மணலில் வரிசை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வைத்தது. வைத்த முதல் நாள் மூன்று, அடுத்த நாள் ஐந்து என்று ஏறிக்கொண்டே போயிற்று.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், சௌகரியமாக எடுத்துக்கொண்டது. நாலிலிருந்து ஆறு வரைக்கும் கடல் தெக்லாவோடு பேச்சில் இருப்பதால் துறைமுகத்து வாயில் குளம்போல் கிடக்கும் என்று கண்டு, வள்ளக்காரர்கள் எஞ்சின் பழுது பார்க்கிற வேலையை அந்நேரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். சளிப்பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் துறை தாண்டுகிறவரை அவளுக்குப் பின்னால் இருபதடி விட்டு நடந்தார்கள், அந்தக் காற்று ஆகும் என்று. வடக்குக் கரையில் யாரும் கழிவு கொட்டவோ காலைக்கடனுக்கு ஒதுங்கவோ கூடாது, வீட்டுக்கு வருகிறவருக்கு மரியாதை வேண்டும் என்று கோயில் மைக்கில் அறிவிப்புக் கொடுத்தார் சந்தியாகு மாமா. டவுன் காலேஜிலிருந்து ஒரு வாத்தியார் நாடாவும் நோட்டுமாக வந்து அலையை நீளமும் அகலமும் அளந்து, இது ஒருவகை நீரோட்டம் என்று எழுதிக்கொண்டார். பிறகு கஸ்பாருடைய பவுலீனா சித்தி வீட்டில் நெத்திலிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, நீரோட்டத்தைப் பற்றி அப்புறம் வாயே திறக்காமல் பஸ் ஏறினார்.

ஏழாம் நாள் கஸ்பார் தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி குறட்டை விட்டான். தெக்லா கதவைச் சாத்திவிட்டுப் போனதும் எழும்பி, தேரி மணல்மேட்டுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி அவள் கூடவே வடக்கே போனான். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவன், இந்தக் கரையை இதுவரைக்கும் பார்த்ததில்லை. ராவணன்மீசைப் புல் உருண்டை உருண்டையாகக் காற்றில் ஓடியது. அடம்பங்கொடி மணல் பூராவும் படர்ந்து ஊதாப்பூ பூத்துக் கிடந்தது. உள்ளான் குருவிகள் அலை போனால் பின்னால் ஓடி, அலை வந்தால் முன்னால் ஓடி, ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. ராத்திரி ஆமை ஏறி இறங்கிய தடம் கலையாமல் மேட்டில் இருந்தது. மணலில் நண்டுகள் வளைவாசலில் நின்று, அவள் வர, ஓடி ஒளியாமல் வழிவிட்டு நின்றன. ஒரு தாள் இல்லை, ஒரு பாட்டில் இல்லை, மனுஷன் கை பட்ட அடையாளம் ஒன்று இல்லை. அழகுதான். ஆனால் கஸ்பாருக்கு அழகைப் பார்க்கவா கண்? இவ்வளவு அழகையும் இவன் இவளுக்காகப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறானே என்றுதான் பட்டது. கடலை அவன் 'இவன்' என்று நினைத்தது அப்போதுதான் முதல் தடவை.

தெக்லா பேசிக்கொண்டே நடந்தாள். குழம்பில் உப்பு கூடிப்போனதைச் சொன்னாள். விளக்கு ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொள்வதைச் சொன்னாள். சின்னதில் மடத்துத் தோட்டத்தில் தான் நட்ட கொய்யாவுக்கு ஒரு பேர் வைத்திருந்ததைச் சொன்னாள். ஆறு வருஷம் ஒரே பாயில் படுத்தவனுக்கு அந்தக் கொய்யா மரத்தின் பேர் தெரியாது. அலை ஏதோ சுருட்டி அவள் காலில் தண்ணீர் தெறித்தது, அவள் சிரித்தாள். பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து, வயிறு குலுங்க. இப்படி ஒரு சிரிப்பு இவளிடம் இருக்கிறதா? கஸ்பார் மணலுக்குள் முகத்தைப் பதித்துக்கொண்டு எண்ணினான். கழிமுகம் வந்து சேர்வதற்குள் பதினொரு தரம் சிரித்தாள். அவன் வீட்டில் அவள் சிரித்ததை எண்ண அவனுக்கு ஒரு விரல்கூடத் தேவைப்படவில்லை.

கழிமுகத்தில் ஒன்பது சிப்பி வரிசையாக இருந்தது. சிப்பிக்கு ஒன்றாக இளநீர், சங்கு, உரசி உரசி வழுவழுவென்று ஆன பச்சைக் கண்ணாடித் துண்டு, வாய் திறந்து மூடும் விளமீன், இன்னும் என்னவெல்லாமோ. கஸ்பார் கொதித்துக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து வாசலில் நின்றான்.

"யாருட்டி அவன்?"

"யாரு?"

"கூட நடக்கானே. நீ சிரிக்கியே, அவன்."

"கடலா? கடலு கடலுதான். வேற யாரு?"

"என்கிட்ட என்னைக்காவது அப்பிடிச் சிரிச்சிருக்கியா?"

தெக்லா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "நீங்க சிரிக்க வச்சா சிரிக்கமாட்டனா?" என்றாள். அந்தப் பதில் அவனுக்குக் கொள்ளிக்கட்டையாகச் சுட்டது. அவள் மடியிலிருந்த மீனைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான். "நாளையிலேருந்து வாசப்படி தாண்டப்படாது. தாண்டுன, அப்புறம் இந்த வீட்டுக்குள்ள வராத," என்றான்.

அவள் தாண்டவில்லை. மறுநாள் நாலு மணிக்கு முகம் கழுவி, தலை சீவி, உள்ளே முற்றத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் நாலு மணி தாண்டியதும் தெருவில் சலசலவென்று சத்தம் கேட்டது. கடல் வந்திருந்தது. ஒரு சாண் உயரத்துக்கு, அகலம் நாலு முழம், எதையும் நனைக்காமல், யார் வீட்டுக் கோழியையும் விரட்டாமல், தெருவோடு ஓரமாக வந்து கஸ்பார் வீட்டு வாசலில் நின்றது. படி ஏறவில்லை. பதினொரு சிப்பியை வாசலில் வரிசை வைத்துவிட்டு அழைப்புக்காகக் காத்துநின்றது. அக்கம்பக்கத்தார் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, வந்தவருக்குத் தண்ணி குடுக்கவேண்டாமா என்று கேட்டு, கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கஸ்பார் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். "வீடு தேடி வந்துட்டியால? என் பொண்டாட்டிய நான் பாத்துக்கிடுதேன். போ!" என்று ஊரே கேட்கக் கத்தி, சிப்பிகளைக் காலால் எத்தினான். கடல் மெதுவாகத் திரும்பியது. அப்போது தெக்லா எழும்பினாள், வாசற்படியைத் தாண்டினாள், கஸ்பாரைத் திரும்பிப் பாராமல் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி, அதோடு கூடவே தெருவில் நடந்து, துறையைக் கடந்து, வடக்கே போய்விட்டாள்.

மறுநாள் பார்த்தால் கழிமுகத்துக்கு எதிரே, அலை உடைகிற இடத்துக்கு அந்தப்பக்கம், ஒரு கூப்பிடு தூரத்தில் புது மணல்திட்டு ஒன்று எழும்பியிருந்தது. மிதந்து வந்த பனையோலையில் ஒரு குடிசை, குடிசைக்கு முன்னால் தெக்லா தலைமுடியை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஊர் இதற்கும் ஆச்சரியப்படவில்லை. கோபித்துக்கொண்டு போன பெண் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும். அந்த வழியாகப் போகிற வள்ளக்காரர்கள் நின்று சுகம் விசாரித்துவிட்டு வந்தார்கள்.

"எப்பிடி இருக்கா?" என்று கஸ்பார் கரையில் நின்று கேட்பான், கேட்காதவன்மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"நல்லாத்தாம்ல இருக்கா. ஒரு சுத்து சதை போட்டிருக்கா."

"என்னக் கேட்டாளா?"

"ஒன்னக் கேக்கல. கொய்யாப்பழம் திங்கணும்போல இருக்குன்னா."

கஸ்பார் வெறிபிடித்து வள்ளத்தைத் தள்ளினான். அலை அவனைக் கவிழ்க்கவில்லை, அடிக்கவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வள்ளத்தைத் தூக்கி, திருப்பி, கரையில் வைத்தது. மறுபடி தள்ளினான், மறுபடி வைத்தது. ஐந்து நாள் இதே கூத்து. அவன் வள்ளத்தில் ஏறுகிறதும் கடல் இறக்கிவிடுகிறதும் பார்க்க ஜனம் பாய் போட்டு உட்கார்ந்தது. சோறு பொங்கத் தெரியாமல் கருக்கித் தின்றான். அடுப்படியில் அவள் தொங்கவிட்ட கரண்டி காற்றில் ஆடினால்கூட அவள்தானோ என்று எழும்பினான். அங்கே அவள் இப்போது எத்தனை தரம் சிரித்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை தெரியாமல், பாயில் புரண்டான். ஐந்தாம் நாள் பவுலீனா சித்தி பொறுக்கமாட்டாமல் அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்காரவைத்தாள். அவன் ஆத்தாளுக்குக் கூடப்பிறந்தவள், வாய் கொஞ்சம் நீளம்.

"ஏல மூதி, என்ன நெனச்சிக்கிட்டு இருக்க?"

"அவன் என் பொண்டாட்டியக் கொண்டுபோய்ட்டான் சித்தி."

"எவன்ல? மொத நாள் எத்தன சிப்பி வச்சிது?"

"மூணாம்."

"அப்புறம்?"

"அஞ்சு, ஏழு... நான் பாத்த அன்னைக்கி ஒம்போது. வாசல்ல பதினொண்ணு." சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கியது.

"கள்ளப் புருசன் எவன்ல தட்ட ஒத்தப்படையா எண்ணி வைப்பான்? வாசல்ல வந்து, படியேறாம, மாப்பிள வான்னு கூப்பிடட்டும்னு எவன்ல நிப்பான்? அது சீருல்லா! அண்ணன் வந்து நின்னிருக்கான், நீ தொடுப்பக் கண்டவன் மாதிரி துடுப்பத் தூக்கிட்டுப் போயிருக்க. ஊருக்கே தெரியும், ஒனக்கும் தெரியும்னு நெனச்சிக்கிட்டு இருந்தோம். இது என்ன கூறுகெட்ட சென்மம்!"

கொடியேற்றத்து அன்றைக்குச் சாயங்காலம் கஸ்பாருக்கு ஞாபகம் வந்தது. தான் நின்ற இடம் ஞாபகம் வந்தது, சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது, சொல்லும்போது காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போன அலை ஞாபகம் வந்தது.

"நான் என்ன செய்ய?" என்றான்.

"என்ன செய்ய? கோவிச்சிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போனவளக் கூப்பிட நாலு பேரோட போகணும், மச்சான்கிட்ட முறையாக் கேக்கணும். வள்ளத்தத் தள்ளிக்கிட்டு வேலி ஏறிக் குதிக்கப் பாத்தா அனுப்புவானா?"

அன்றைக்கு நாலு மணிக்கு, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியைக் கட்டி, ஏழு தட்டு தூக்க ஆள் கூட்டி, முன்னால் சந்தியாகு மாமாவும் பின்னால் பவுலீனா சித்தியுமாகக் கஸ்பார் அந்தக் கரையில் நடந்து கழிமுகத்துக்குப் போனான். வாழைப்பழம், வெற்றிலை, பூ, பலகாரம் என்று எல்லாத் தட்டும் இருந்தது, ஒரு தட்டு நிறையக் கொய்யாப்பழமும் இருந்தது. நண்டுகள் அவனுக்கு வழிவிடவில்லை, வளைக்குள் போய்விட்டன. தண்ணீரோரம் போய் நின்றான். கடல் அவன் காலைத் தொடாமல் இரண்டடி பின்னால் போயிற்று. அவன் இரண்டடி முன்னால் போனான், அது இன்னும் இரண்டடி போயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்ட மச்சான் இப்படித்தான் இருப்பான் என்று தட்டுத் தூக்கியவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சந்தியாகு மாமா தொண்டையைக் கனைத்து, "சம்பந்தகாரரு பெரிய மனசு பண்ணணும்," என்றார். கடல் அசையவில்லை.

"நீ பேசுல," என்று சித்தி முதுகில் குத்தினாள்.

மச்சான் என்கிற அந்த ஒரு வார்த்தை கஸ்பாருக்கு வரமாட்டேன் என்றது. பதினொரு சிரிப்பு அதை மறித்துக்கொண்டு நின்றது. தூரத்தில் திட்டின் மேல் தெக்லா எழும்பி நின்று இந்தப்பக்கம் பார்ப்பது தெரிந்தது. சேலை முந்தானை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இவள் வராமல் போனால் தான் என்ன ஆவோம் என்று கஸ்பார் நினைத்தான்.

"மச்சான்," என்றான். "ஒம்ம தங்கச்சிக்கு ஆளில்லன்னு சொல்லிட்டேன். ஒம்ம காலடியில நின்னுக்கிட்டே சொன்னேன். இருக்குன்னு வந்து நின்னீரு, வெரட்டிட்டேன். தப்புதான். அவ இல்லாம வீட்ல இருக்க முடியல மச்சான். அனுப்பி வையும். இனிமே அவ சொல்லுதத நானும் கேக்கேன்."

பிறகு ஒரு பெரிய அலை எழும்பி வந்து, தட்டுகளில் ஒன்றைக்கூட நனைக்காமல், கஸ்பாரை மட்டும் பார்த்து உச்சந்தலையிலிருந்து பட்டுக்கரை வரைக்கும் முழுக்காட்டிவிட்டுப் போயிற்று. மச்சான் முறைக்கு இதுகூட இல்லையா என்று ஊரே கைகொட்டிச் சிரித்தது. கடல் இரண்டாக ஒதுங்க, முழங்கால் தண்ணீரில் தெக்லா நடந்து வந்தாள். வந்தவள் கொய்யாத் தட்டைப் பார்த்தாள், சொட்டச் சொட்ட நிற்கிற புருஷனைப் பார்த்தாள். "தலையத் தொவட்டுங்க, சளி பிடிக்கும்," என்றாள்.

மறுநாள் நாலு மணிக்கு அவள் முகம் கழுவித் தலை சீவினாள். கஸ்பார் குறட்டை விடவில்லை.

"எங்க?"

"சும்மா."

"நானும் வாறேன்."

கடல் அவளுக்கு வலப்பக்கம் நடந்தது, கஸ்பார் இடப்பக்கம் நடந்தான். பொறாமை அவனை விட்டுப் போகவில்லை, அது எங்கே போகும்? அலை கொஞ்சம் கிட்டே வந்தால் இவனும் கொஞ்சம் கிட்டே போனான். அவள் அலைப்பக்கம் திரும்பிப் பேசினால் அடம்பங்கொடியை எத்தினான். அரை மைல் தாண்டியதும் பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"அந்தக் கொய்யா மரத்துக்கு என்ன பேரு வச்சிருந்த?"

தெக்லா நின்றுவிட்டாள். அலையும் நின்றது. "சிரிக்கக்கூடாது," என்றாள். "கஸ்பாருன்னு வச்சிருந்தேன். ஏசு பாலனைப் பாக்க வந்த மூணு ராசாக்கள்ல ஒருத்தருல்லா அவரு, தூரத்திலேருந்து கையில ஏதாவது கொண்டுட்டு வருவாருன்னு. நீங்க என்னடான்னா ஆறு வருசமா வெறுங்கையோடல்லா நிக்கிய!"

கஸ்பார் மடியைத் தடவினான், நேற்றுத் தட்டிலிருந்து எடுத்து ஒளித்துவைத்த ஒரு கொய்யாப்பழம் நசுங்கிக் கிடந்தது, அதை எடுத்து அசட்டுத்தனமாக நீட்டினான். தெக்லா அதைப் பார்த்தாள், அவன் மூஞ்சியைப் பார்த்தாள், தலையைப் பின்னால் சாய்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசுகிற இடத்தில் அண்ணனுக்கு என்ன வேலை என்று, அலை ஓர் அடி பின்னால் தள்ளி நின்று கொண்டது.

ஒன்று, என்று கஸ்பார் எண்ணிக்கொண்டான். கடலுக்குப் பதினொன்று, தனக்கு ஒன்று. ஆனாலும் ஒன்றும் ஒற்றைப்படைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, நசுங்கிய பழத்தில் தன் பங்குக்கு ஒரு கடி கடித்துவிட்டு, அவள் பக்கத்திலேயே நடந்தான்.